புழுவுக்கு வச்ச பந்தி

ஒரு ஊர்ல ஒரு அங்காயி இருந்தாளாம். நீ 'ம்' கொட்டிக்கிட்டே கேளு கண்ணு. போன வருஷம் அவ காய்ச்சல்ல விழுந்தப்போ, ஊரே மாத்தி மாத்தி கஞ்சி காச்சி ஊத்தி எழுப்பி உக்கார வச்சுது. அந்த நன்றியில, "இந்த மாரியாயி கோயில் நோம்பிக்கு ஊருக்கே கோஸ் கூட்டு என் தோட்டத்துலருந்துதான்"னு அவ வாக்கு குடுத்துட்டா.

அப்புறம் முட்டைக்கோஸ் நட்டா. இலை விரிஞ்சுதோ இல்லையோ, சாம்பக் கலர்ல துளியூண்டு அந்துப்பூச்சி வந்து முட்டை போட்டுருச்சு. பொரிஞ்சதெல்லாம் பச்சைப் புழு. கறுக் கறுக் கறுக்! இலையெல்லாம் சல்லடை. குடுத்த வாக்கு என்னாகறது?

மொதல்ல அடுப்புச் சாம்பலைத் தூவினா. சோன்னு மழை வந்து கழுவிட்டுப் போயிருச்சு. அப்புறம் கையால பொறுக்கினா. தொட்டா போதும், அந்தப் பொல்லாத புழு நெளிஞ்சு, நூல் விட்டு, சர்ருனு கீழ இறங்கிரும். அவ அந்தப் பக்கம் போனதும் ஏறிக்கும். சிரிக்காத, அவளுக்கு அழுகையே வந்துருச்சு.

அப்போ, "தோட்டத்துக்குக் கண்ணு பட்டுருச்சு, சுத்திப் போடணும்"னா. கைப்பிடிக் கடுகு அவ்ளோ பெரிய தோட்டத்துக்குப் பத்துமா? ரெண்டு மிளகா, ரெண்டு கல்லு உப்பு, மொறம் நெறையக் கடுகு! சுத்தினதை அடுப்புலதானே போடணும்? இவ வந்த ஆத்திரத்துல, "தின்னு தொலைங்க!"ன்னு வரப்பு நெடுக வீசிட்டா.

தூங்கிட்டியா? 'ம்'ங்கிறியே, நல்ல புள்ள.

அடுத்த மழைக்கு வரப்பெல்லாம் கடுகு முளைச்சு நின்னுச்சு. அவ புருஷன் நாச்சிமுத்து களைன்னு நெனச்சுப் பிடுங்கக் குனிஞ்சான். அங்காயி பாக்குறா, அந்துப்பூச்சி அத்தனையும் படபடனு கடுகு மேல! கோஸும் கடுகும் அக்கா தங்கச்சி மாதிரி, ஆனா பூச்சிக்குத் தங்கச்சி வாசம்தான் பிடிச்சுப் போச்சு. "ஏனுங்க, கை வைக்காதீங்க!"ன்னு கத்திக்கிட்டே ஓடினா. அதுலயே முட்டை போட, புழுவெல்லாம் கடுகைத் தின்னுச்சு, கோஸ் உருண்டு தெரண்டுச்சு.

நோம்பிப் பந்தியில, அன்னிக்கு கஞ்சி ஊத்தின பொன்னாத்தா, "இன்னும் ரெண்டு கரண்டி போடு அங்காயி"ன்னு எலையைக் காட்டினா. அங்காயிக்குக் கண்ணு நெறைஞ்சுருச்சு.

அடுத்த நடவுக்கு அவ கடுகைத்தான் மொதல்ல விதைச்சா. "ஏம்புள்ள, புழுவுக்கா பந்தி வைக்கிற?"ன்னான் நாச்சிமுத்து.

"ஆமாங்க. நம்ம பங்கை விட்டுக் குடுத்துச்சுங்க இல்ல? அதுங்க மொதல்ல உக்காரட்டும்."

புழு கடுகுல, கோஸ் சட்டியில, நீ போர்வையில. கதை அவ்ளோதான், கண்ணை மூடு.