ஆறிய எஞ்சினில் எரியாத விளக்கு

கொடி பிடித்தால் வேலை போகும் அந்த நாட்களில்தான் நாங்கள் மனம்விட்டுச் சிரித்தோம்.

எங்கள் மில் முதலாளியின் பழைய காரில் ஆயில் எச்சரிக்கை விளக்கு அவ்வப்போது எரியும். மெக்கானிக் வந்தால் எரியாது. ஆலையைச் சோதித்து முடித்த தொழிற்சாலை ஆய்வாளரை ரயில் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகையில் மறுபடி எரிந்தது.

"மெக்கானிக் முன்னால ஏன்டா எரியல? காரணம் சொல்லு, இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று டிரைவர் சூசையிடம் சீறினார் முதலாளி.

"அவர் வர்றப்ப எஞ்சின் ஆறிக் கெடக்கு மொதலாளி. சூட்டோட, சொல்லாமப் பாத்தாத்தான் தெரியும். இந்த ஐயா சோதனைக்கு வர்ற அன்னிக்கு மட்டும் நம்ம மில்லுல ஃபேன் ஓடுதே, அதுமாதிரி."

"வண்டியைத் திருப்புப்பா" என்றார் ஆய்வாளர்.

மில்லில் ஒரு ஃபேனும் ஓடவில்லை. வேர்த்து நின்ற எங்கள் எதிரில் ஆய்வாளர் கேட்டார்: "சூசை நாளைக்கும் வேலைக்கு வருவார்தானே?"

"வருவாருங்க" என்றார் முதலாளி. அவர் 'ர்' போட்டுப் பேசி அன்றுதான் கேட்டோம்.