திட்டு வாங்காத வீட்டுத் தண்ணீர்

“டீச்சர், என் குரலை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்க” என்றாள் செண்பகவல்லி.

மெர்சி டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

“இதுக்கு மேல சின்னதாக்கினா எறும்புக்குத்தான்க்கா கேக்கும்.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, டீச்சருக்கு முப்பதுதான். திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது டீச்சரின் தொழில். வியாழக்கிழமை மத்தியானம் மட்டும், தையல்கடை மாடியில் இருக்கும் அந்த அறைக்குத் திருநங்கைகள் வருவார்கள்.

எட்டு மாதமாக செண்பகவல்லி ஒரு வியாழன்கூடத் தவறவிட்டதில்லை. தினமும் காலையில் ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, ‘ஊ’ என்று முனகியபடி குமிழி விடுவாள். தொண்டையை இளக்க அதுதான் பாடம். பக்கத்து வீட்டு மாரித்தாய் முதலில் பயந்துபோனாள். இப்போதெல்லாம், “குமிழி விட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியே கொடுக்கிறாள்.

இந்த நேரம் பார்த்து ஒரு வேலை வந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் செய்யும் வேலை. கடை கடையாகப் போய்க் கைதட்டி நின்ற இருபது வருஷத்தில் இப்படி ஒன்று அவள் வாசலுக்கு வந்ததே இல்லை. திங்கட்கிழமை சேர வேண்டும்.

“காண்டிராக்டர் சீனிச்சாமி அண்ணாச்சி கறாராச் சொல்லிட்டாரு, டீச்சர். ‘மைக்குல ஆம்பளக் குரல் கேக்குதுன்னு ஒரே ஒரு புகார் வந்தாப் போதும், அன்னிக்கே கிளம்பிரணும்’னு.”

“இந்தக் குரலுக்கு என்ன குறை?”

“பொம்பளக் குரலாட்டம் இல்ல.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. எனக்கே தோணுது. இங்க உங்க முன்னாடி நல்லா வருது. அங்க மைக்கைப் பிடிச்சுப் பாத்தேன், பயந்து உள்ள ஓடிருச்சு. இன்னும் மெல்லிசா இருந்தா யாருக்கும் சந்தேகம் வராதுல்ல?”

டீச்சர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

“இதுல தண்ணி கொண்டாங்க. அந்தத் தண்ணில குமிழி விட்டா குரல் திறந்திரும்.”

“தண்ணிதானே? கீழ குழாயிலயே...”

“குழாய்த் தண்ணி ஆகாது. குரலுக்காக ஒரு நாளும் திட்டு வாங்காத பொம்பள யாராச்சும் இருப்பாங்கல்ல? அவங்க வீட்டுத் தண்ணியா இருக்கணும்.”

இம்புட்டுத்தானா என்று இருந்தது செண்பகவல்லிக்கு. ஊரில் பாதிப் பேர் பொம்பளைகள். பிறந்தபோதே அந்தக் குரலோடு பிறந்தவர்கள். அவர்களை யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

முதலில் கருவாட்டுக் கடை பேச்சியம்மாளிடம் போனாள்.

“திட்டா?” பேச்சியம்மாள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “எம் புருசன் செத்த அன்னைக்கு மாருல அடிச்சு அழுதேன். அப்பக்கூட ஒரு பெரிய மனுசன் வந்து, ‘ஏ, சத்தத்தைக் கொறை, கேதத்துக்கு வந்தவுக பேசிக்கிட்டு இருக்காக’ன்னான். தாகமா இருந்தாக் குடிச்சிட்டுப் போ.”

குடித்துவிட்டுப் போனாள்.

அடுத்தது பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. அந்தம்மா ஒரு அதட்டுப் போட்டால் மூன்றாவது மாடியில் இருக்கும் பிள்ளைகூட எழுந்து நிற்கும்.

கேள்வியைக் கேட்டதும் அவர் கதவைச் சாத்தினார்.

“கேஸ் சிலிண்டருக்கு போன் பண்ணா, இருபது வருஷமா ‘சொல்லுங்க சார்’னுதான் சொல்றான்.”

“உங்களையுமா?” என்றாள் செண்பகவல்லி.

“உங்களையுமா?” என்றார் தலைமையாசிரியை.

 அங்கேயும் தண்ணீர் குடிக்கத்தான் கிடைத்தது.

வளையல் கடை மும்தாஜ் பேசினால் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய குரல். செண்பகவல்லி ஆசைப்பட்டதே அந்தக் குரலுக்குத்தான்.

“பொண்ணு பாக்க வந்தவங்க, ‘வாயில என்ன கொழுக்கட்டையா’ன்னு கேட்டாங்க” என்றாள் மும்தாஜ். “கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்சம் சத்தமாப் பேசிப் பாத்தேன். ‘வாய் நீளுது’ன்னாங்க. மறுபடியும் குறைச்சுக்கிட்டேன்க்கா.”

கோயிலில் பாடும் ஒருத்தியை, குரலை வைத்து ஆளை மயக்குகிறாள் என்றார்களாம். நர்ஸம்மா ஒருத்தியை, எரிந்து விழுகிறாள் என்றார்களாம். இன்னொருத்தி சத்தமாகத் தும்மியதற்கே சண்டையாம்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பத்தொன்பது வீடு ஏறி இறங்கிவிட்டாள். வயிறு நிறைந்ததே ஒழிய பாட்டில் நிறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் புத்தி வேலை செய்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்! பக்கத்து வீட்டு மாரித்தாயின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. பிறந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது. அதை யார் திட்டியிருக்க முடியும்?

ஓடினாள். குடத்தைச் சாய்த்து பாட்டிலை நிரப்பினாள்.  மூடியைத் திருகும்போது தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டது.

அழுதது பாருங்கள், வீடே அதிர்ந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாரித்தாயின் புருஷன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“ஏய், பொட்டப்புள்ளைக்கு என்ன இம்புட்டுத் தொண்டை? அமத்துங்கடி அதை!”

செண்பகவல்லி அப்படியே நின்றாள். முகம் சிவந்துவிட்டது. அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். எட்டு மாதமாக அவள் பயந்து பயந்து குரலைச் சுருக்கியது இந்த ஆட்களின் காதுக்காகத்தானா? இருபத்திரண்டு நாள் குழந்தையையே விடாதவர்களுக்காகவா?

மூடியைத் திறந்தாள். வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீரை ஊற்றினாள். திரும்பி வந்து தொட்டிலுக்குள் குனிந்தாள்.

“நீ கத்து தாயி” என்றாள்.

சாயங்காலம் டீச்சரின் மேசையில் காலி பாட்டிலை வைத்தாள்.

“கிடைக்கலையா?”

“இந்த ஊர்ல இல்ல டீச்சர்.”

“எந்த ஊர்ல இருக்கு?”

செண்பகவல்லி டீச்சரையே பார்த்தாள்.

“உங்களை என்ன சொன்னாங்க?”

மெர்சி டீச்சர் சிரித்தாள். கீழே போய்க் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஒரு ஸ்ட்ராவை அதற்குள் போட்டாள்.

“ஊதுங்க.”

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு செண்பகவல்லி மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் சீனிச்சாமி டீ கிளாஸோடு நின்றார். அவர் பக்கத்தில் ஆணியில் புகார் நோட்டு தொங்கியது.

“எட்டயபுரம் வழியாக தூத்துக்குடி செல்லும் பேருந்து, இரண்டாவது தடத்தில் புறப்படத் தயாராக இருக்கிறது!”

எட்டு மாதம் பழகிய அதே குரல்தான். ஆனால் அன்றைக்கு அது எங்கேயும் ஓடவில்லை. தகரக் கூரைமேல் இருந்த புறாக்கள்தான் ஓடின.

ஒன்பது மணிக்கு விளாத்திகுளம் பஸ்ஸை அறிவித்தாள். பத்து மணிக்கு சாத்தூர் பஸ். புகார் என்று யாரும் வரவில்லை.

பதினோரு மணிக்கு யாரோ ஜன்னல் கம்பியைத் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதர் நின்றிருந்தார்.

“யோவ் சீனிச்சாமி, மைக்குல யாருய்யா?”

 சீனிச்சாமியின் கை நோட்டுப் பக்கம் போனது.

“ஏண்ணே, என்ன?”

“காது கிழியுதுய்யா! ஒரு பொம்பள இம்புட்டுச் சத்தமாவா பேசுவா? பொம்பளையா லட்சணமா அடக்கமாப் பேசச் சொல்லு!”

சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறப் போய்விட்டார்.

பொம்பளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு என்று ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு இந்த ஊர் காலம் தள்ளுகிறது. செண்பகவல்லி சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மைக்கை அணைக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் முழுக்க அந்தச் சிரிப்புக் கேட்டது. பூக்கட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள், எதற்கென்று தெரியாமலே அவளும் சிரித்தாள்.

“என்னம்மா சிரிக்கே? புகார் வந்துருச்சு” என்றார் சீனிச்சாமி.

“வந்துருச்சு அண்ணாச்சி. நோட்டை எடுங்க. அவுக புகாரை நான் சொல்றபடியே எழுதணும், ஒரு எழுத்துக் குறையக் கூடாது.”

சீனிச்சாமி பேனாவைத் திறந்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“ஒரு பொம்பள... சத்தமாப்... பேசுறா.”