மறக்கத் தெரியாத மைனா

கருவேலங்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு மைனா இலவசக் காவல் தொடங்கியது. ஆபத்து வந்தால் பறந்து வந்து சொல்லும். அதற்கு அவரவர் வசிக்கும் இடம், பிள்ளைகள் எத்தனை, தண்ணீர் குடிக்கப் போகும் நேரம் எல்லாவற்றையும் மைனாவிடம் சொல்ல வேண்டும். உடனே மைனா ஒரு நீண்ட உறுதிமொழியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அது முடிவதற்குள் எல்லோரும் ஈரமண்ணில் காலைப் பதித்து, "சம்மதம்!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெண் கௌதாரி மட்டும் முழுவதையும் நின்று கேட்டது. பின்னால் நின்ற முயலுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, காலை வெச்சிட்டு நகரு! எங்களுக்கெல்லாம் வேலை இல்லையா?"

"இருங்க அண்ணே! மைனா, 'வேண்டிய நண்பர்களுக்கும் சொல்வேன்'னு நடுவுல ஓட்டினியே, யாரு அந்த நண்பர்கள்?"

"காட்டின் நலம் விரும்பிகள்!" என்றது மைனா.

கௌதாரி காலைப் பதிக்காமலே வீடு திரும்பியது. புல் புதரில் ஆறு முட்டைகள் இருந்தன. இன்னும் இரண்டு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த அன்றே குஞ்சுகள் ஓடத் தொடங்கும். அதுவரை இடம் வெளியே தெரியக் கூடாது.

"நான் முந்தாநாளே பதிச்சாச்சு!" என்றது ஆண் கௌதாரி. "புதரைச் சொன்னேன். முட்டை ஆறுன்னும் சொல்லிட்டேன்."

"உன்னை யாருய்யா சொல்லச் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு?"

"ஆறு முட்டை இருக்கு!"

பெண் கௌதாரி குளத்துக்கு ஓடியது.

"எங்க வீட்டை மறந்துடு!"

"தாராளமா! எந்த வீட்டை மறக்கணும்? இடம், வழி, முட்டை எல்லாத்தையும் இன்னொரு தடவை சரியாச் சொல்லு. ஏழு நாளில் மறந்துடுவேன்."

"எனக்கு இருக்கிறதே ரெண்டு நாள்!"

"அவசரமா மறக்கணும்னா எங்க மேலதிகாரி ஆந்தையைத்தான் கேட்கணும். அது இப்போ தூங்குது."

கௌதாரி புதருக்குத் திரும்பி ஓடியது.

புதருக்குள் உடும்பு இருந்தது. சுற்றிலும் உடைந்த முட்டை ஓடுகள் கிடந்தன.

"அடடா, சீக்கிரம் வந்துட்டீங்களே!" என்றது உடும்பு மரியாதையாக. "நீங்க தண்ணிக்குப் போனா வர நேரமாகும்னு மைனா சொல்லுச்சே! அதுக்காக மைனா தின்ன ஒரு கரையான் புற்றையே தோண்டிக் கொடுத்தேன்."

கௌதாரி அதன் கண்ணைப் பார்த்துப் பாய்ந்து கொத்தியது. உடும்பு சீறிக்கொண்டே விலகிப் போனது. மிச்சம் ஒரே ஒரு முட்டை.

இரை பொறுக்கப் போயிருந்த ஆண் கௌதாரி அப்போதுதான் வந்தது. ஓடுகளைப் பார்த்தது.

"இதை விடக் கூடாது! இப்பவே போய் மைனாகிட்ட புகார் சொல்றேன்!"

"போ! மிச்சம் ஒண்ணு இருக்குன்னும் மறக்காம சொல்லிட்டு வா!" என்றது பெண் கௌதாரி.

மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவர்கள், காக்க வேண்டியதையும் அதோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள்.