கம்பி சொன்ன உயரம்

“அவன் சிரிச்சான்மா.”

குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும்.

“யாரு?” என்றார் மடத்து அம்மா.

“வெள்ளையன். ஜீப்பு ஓட்டுறானே, அவன். போன வெள்ளிக்கிழமை பன்னிப்பாறையில நம்ம வண்டி வயிறு தட்டி நின்னுச்சுல்ல. கயிறு கட்டி இழுத்தான்ல. இழுத்துட்டுச் சிரிச்சான்.”

“இழுத்தானா?”

“இழுத்தான். அது இல்ல விஷயம். சிரிச்சான். ‘சாமி வண்டிக்கு வயிறு பெருசு’ன்னான். சாமை மூட்டை ஏத்திக்கிட்டிருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க.”

பாதங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டன.

“வண்டியச் சொன்னானா, என்னையச் சொன்னானான்னு ஏழு நாளா யோசிக்கிறேன்.”

கோதண்டம் ஊர்ந்து வெளியே வந்தார். அறுபத்து மூன்று வயது. வயிறு பெரியதுதான்.

அரசு பஸ் டிப்போவில் தலைமை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மூன்று வருடங்களுக்கு முன் கல்வராயன் மலையில் இருந்த இந்தச் சிறிய மடத்துக்கு வந்தார். மடத்தை நடத்திய அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. சும்மா இருப்பது எப்படி என்று அவர் கேட்டார். அம்மா அவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்தார்.

ஏன் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

வண்டி, சென்னை பக்தர் ஒருவர் புதியது வாங்கியபோது மடத்துக்குக் கொடுத்த பழையது. நான்கு சக்கரமும் இழுக்கும் வெளிநாட்டு வண்டி. ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு காற்றுப்பைகள். செவ்வாயும் வெள்ளியும் ஊர்ப் பெரியவர் காராளனை அதில் படுக்கவைத்து மலையிறக்குவார்கள். கீழே டவுனில் அவருக்கு டயாலிசிஸ். பதினோரு மணிக்கு மெஷின்.

இந்தச் செவ்வாய் மழையில் பாதை அடைத்துக்கொண்டது. ஒரு முறை தவறிவிட்டது. இன்னொரு முறை தவறினால் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

இன்று வெள்ளி.

“இனிமே அவன் கயிறு நமக்கு வேணாம்,” என்றார் கோதண்டம். “வண்டிய நாலு விரக்கடை தூக்கப் போறேன்.”

“எப்படி?”

அவர் பென்சில் நீளத்தில் ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார்.

“தான் எவ்வளவு உயரத்துல நிக்கிறோம்னு வண்டிக்குத் தெரியாதுமா. சக்கரத்துக்குச் சக்கரம் இந்த மாதிரி ஒரு கம்பி இருக்கு. அது சொல்றதுதான். அது என்ன சொன்னாலும் நம்பிடும்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“இதக் கழட்டிட்டு, இதவிடக் குட்டையா ஒண்ணு போட்டுட்டேன். நாலு சக்கரத்துலயும்.”

“இப்ப வண்டி என்ன நினைக்கும்?”

“யாரோ நம்மள அமுக்கிட்டாங்கன்னு நினைக்கும்.”

“யாராவது அமுக்கினாங்களா?”

“யாரும் அமுக்கல. கம்பி அப்படிச் சொல்லும்.”

“அதுக்கு?”

“சும்மா விடுமா? காத்த இழுத்து உப்பிக்கிட்டு எழுந்திருக்கும். பாருங்களேன்.”

சாவியைத் திருப்பினார். வண்டிக்குள் எங்கோ ஒரு சிறிய மோட்டார் முனகியது. முதலில் பின்பக்கம் எழுந்தது. பிறகு முன்பக்கம். நாலு விரக்கடை. சரியாக நாலு.

கோதண்டம் இடுப்பில் கைவைத்து நின்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குமா என்னையப் பாக்குறீங்க? வண்டியப் பாருங்க.”

“பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

*

ஊர்க்காரர்கள் இருவர் காராளனைத் தூக்கி வந்தார்கள். ஒரு காலத்தில் பாறை உச்சியில் தொங்கித் தேன் எடுத்தவர். இப்போது இரண்டு கால்களும் வீங்கியிருந்தன.

“என்ன கோதண்டம் ஐயா, பரண் மேல ஏத்துறீங்களா?”

“உங்களுக்காகத்தான். பேசாம படுங்க.”

அம்மா காராளனின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும் காராளன் முனகினார்.

“இன்னைக்கு என்ன ஜீப்பாட்டம் குலுக்குது? எப்பவும் மெத்தையில போறாப்புல இருக்கும்.”

“உயரமா போகணும்னா கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும்.”

“நான் கீழ போகணும்யா. எனக்கெதுக்கு உயரம்?”

பன்னிப்பாறை வந்தது.

வண்டி ஏறியது. இறங்கியது. ஒரு கீறல் இல்லை.

பாறையைத் தாண்டி வண்டியை நிறுத்தினார். இறங்கி நாலாபுறமும் பார்த்தார். மூட்டை ஏற்றும் இடத்தில் யாரும் இல்லை. ஒரு கன்றுக்குட்டி நின்றது.

“பாத்தீங்களாமா? இன்னைக்குன்னு பாத்து ஒருத்தன் இல்ல.”

“கன்னுக்குட்டி பாத்துச்சு,” என்றார் அம்மா.

கோதண்டம் கதவைப் பலமாகச் சாத்தினார்.

அடுத்தது ஓடை. மூன்று நாள் மழை பாதையின் இடப்பக்கத்தை அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. அவர் தயங்கவில்லை. இந்த உயரத்துக்கு இது ஒரு பள்ளமா?

முன்னிடது சக்கரம் பள்ளத்துக்கு மேலே போனது. அதற்குள் இறங்கவில்லை. அந்தரத்திலேயே நின்று சுற்றியது. பின்வலது சக்கரமும் மேலே தூக்கிக்கொண்டு சுற்றியது. என்ஜின் அலறியது. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

சமதரையிலேயே முழுக் காலையும் நீட்டி நின்ற வண்டி அது. பள்ளத்தில் இறக்க அதனிடம் மிச்சக் கால் இல்லை.

காராளன் படுத்தபடியே சொன்னார்.

“போன வாரம் வயிறு தட்டுச்சு. இந்த வாரம் காலு எட்டல.”

கோதண்டம் வண்டியைத் தாழ்த்தும் பொத்தானை அமுக்கினார். இன்னொரு முறை. மஞ்சள் விளக்கு எரிந்தது. அளவு மீறிவிட்டால் இந்த வண்டி யார் பேச்சையும் கேட்காது. நின்ற உயரத்திலேயே நிற்கும்.

“பழைய கம்பியப் போட்டா?” என்றார் அம்மா.

“இறங்கும். ஆனா நாலு சக்கரமும் மாத்தணும். ஒரு மணி நேரம் ஆகும்.”

மணி ஒன்பதரை. டவுனுக்கு இன்னும் ஒரு மணி நேரப் பாதை.

கோதண்டம் இறங்கிப் பள்ளத்தை உதைத்தார்.

“பாலம் கட்டுறோம், பாலம் கட்டுறோம்னு மூணு தடவ வந்து அளந்தானுங்க. சுண்ணாம்புல கோடு போட்டானுங்க. கோட்டு மேல சக்கரம் ஓடுமா? கேக்க ஆளில்லாத மலைன்னா எவனுக்கும் இளக்காரம்!”

“வெள்ளையனக் கூப்பிடுங்க. கீழூர்லதான் இருப்பான்.”

“மாட்டேன்.”

“பத்து நிமிஷத்துல வந்துடுவான்.”

“கல்லப் போட்டு ஏத்திடுறேன்மா. எனக்குத் தெரியாத வண்டியா?”

“எத்தன கல்லு? எவ்வளவு நேரம்?”

“அவன் சிரிப்பான்மா! அதுக்கு நான் இந்தப் பள்ளத்துலயே கிடந்துடுவேன்.”

“நீங்க கிடப்பீங்க. காராளன்?”

கோதண்டத்தின் முகம் சிவந்தது.

“நாப்பது வருஷம். டிப்போவுல எம்முன்னாடி ஒருத்தன் பல்லக் காட்டினதில்ல. எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவன் நூறு பேரு இருப்பான். இந்தப் பய பொறக்கறதுக்கு முன்னாடியே என்ஜின இறக்கி ஏத்தினவன் நான். அவன் என்னைய அத்தனை பேர் முன்னாடி அமுக்குறான். நீங்க என்னடான்னா அவனையே கூப்பிடச் சொல்றீங்க. மூணு வருஷமா இங்க கிடக்குறேன். இதுதான் நீங்க சொல்லிக் குடுக்குறதா?”

அம்மா இறங்கிப் பின்னால் வந்தார்.

வண்டியின் பின்கதவைத் திறந்தார். காராளனின் காலிலிருந்து போர்வையை விலக்கினார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். எடுத்தார்.

விரல் பட்ட இடத்தில் குழி விழுந்திருந்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். குழி நிரம்பவில்லை.

“வலிக்குதா?”

“தெரியலம்மா. மரத்துப்போச்சு.”

அம்மா கோதண்டத்தின் பக்கம் திரும்பினார்.

“இங்க அமுங்கியிருக்கு. வெள்ளையன் அமுக்கினது எங்க? காட்டுங்க.”

கோதண்டத்தின் கை நெஞ்சு வரை எழுந்தது. அங்கே நிற்கவில்லை. வயிற்றுக்கு வந்தது. அங்கேயும் நிற்கவில்லை. கீழே தொங்கியது.

காராளனின் காலில் குழி அப்படியே இருந்தது.

கோதண்டம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

*

வெள்ளையன் சொன்னபடி வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் ஜீப்பைத் திருப்பி, இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினான். குதித்து இறங்கினான். இருபத்தைந்து வயது இருக்கும். இரண்டு சக்கரம் தரையிலும் இரண்டு சக்கரம் அந்தரத்திலுமாக நின்ற வண்டியைப் பார்த்தான்.

சிரித்தான்.

“என்னங்க ஐயா, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?”

காராளனும் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கோதண்டத்தின் காதுகள் சுட்டன.

“சிரிச்சது போதும்டா. ஆளத் தூக்கு.”

வெள்ளையன் காராளனை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் இறங்கினான்.

“டேய், சாமை மூட்டைன்னு நினைச்சுத் தொப்புன்னு போட்டுடாத.”

“மூட்டை இவ்வளவு பேசாது பெரியப்பா.”

ஜீப்பின் பின்பலகையில் அவரைப் படுக்கவைத்தான். அம்மா ஏறி அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். வெள்ளையன் முன்னால் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

க்ளுக்.

மறுபடி திருப்பினான்.

க்ளுக்.

மணி ஒன்பது ஐம்பது.

வெள்ளையன் ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினான். சிரித்தான்.

“எங்கப்பனாட்டம் இது. அவசரம்னு சொன்னாப் போதும், படுத்துக்கும்.”

கோதண்டம் நிமிர்ந்து பார்த்தார். அதே சிரிப்பு. பாறை மேல் கேட்டது. சற்று முன் கேட்டது. துளி கூடவோ குறையவோ இல்லை.

வெள்ளையன் இன்னும் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி வாசல் கடையில் ஒரே ஒரு போண்டா தின்னலாமா என்று காராளன் அம்மாவைக் கேட்டார்.

“கூடாது. உப்பு.”

“பாதி?”

“பாதியும் கூடாது.”

“வாசன பாக்கலாமில்ல?”

கோதண்டம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தண்ணீரில் இறங்கி அந்தப் பக்கம் ஏறினார். ஜீப்பின் பின்னால் போய்க் குனிந்து, தோளைக் கொடுத்துத் தள்ளினார்.