சிங்கராஜாவின் கண்ணுக்குப் பியானோ வைத்தியம்

ஒரு காட்டில் ஒரு பியானோ இருந்தது, குழந்தைகளே. சிங்கம் இருந்தது என்றுதானே எதிர்பார்த்தீர்கள்? அதுவும் இருந்தது. மலைப்பாதையில் லாரி கவிழ்ந்தபோது உருண்டு வந்த பியானோவை யானைகள் நிமிர்த்திப் பலாமரத்தடியில் நிறுத்தின. அன்றிலிருந்து தினமும் அங்கே கச்சேரிதான்.

வாசிப்பதில் குரங்கை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு கை, இரண்டு கால், ஒரு வால், எல்லாவற்றாலும் வாசிக்கும். 'மின்னல்விரல்' என்ற பட்டத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டு, வாழையிலையால் பொன்னாடையும் தானே போர்த்திக்கொண்டது. வேகம் கூடக் கூடக் கூட்டம் கை தட்டும். கை இல்லாத பாம்பு வாலைத் தட்டும்.

தேவாங்கும் வாசிக்கும். ஆனால் அது பியானோவின் ஒரு கட்டையை அழுத்தி, அந்த ஒலி அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்ததை அழுத்தும். அது வந்து உட்கார்ந்தாலே கூட்டம் தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடும்.

ஒருநாள் சிங்கராஜாவின் கண்கள் வறண்டுபோய் எரிந்தன. கொக்கு வைத்தியர் ஒற்றைக் காலில் நின்று சோதித்தார்.

"அரசே, கடைசியாக எப்போது அழுதீர்கள்?"

"நான் எதற்கு அழ வேண்டும்? மற்றவர்களை அழவைப்பதுதான் என் வேலை."

"அதுதான் நோய். இன்று பொழுது சாய்வதற்குள் கண்ணீர் வராவிட்டால் பார்வை போய்விடும்."

வெங்காயம் உரிக்கலாமே என்கிறீர்களா? காட்டில் வெங்காயத்துக்கு எங்கே போவது?

"சங்கீதம் கேட்டால் கண்ணீர் வருமாமே. கூப்பிடு அந்தக் குரங்கை" என்றது சிங்கம். குரங்கு வந்து நின்றது. "என்னை அழவைத்தால் உனக்குப் பலாப்பழம். இல்லாவிட்டால் சாப்பாடு."

"சாப்பாடும் எனக்கா, அரசே?"

"எனக்கு."

குரங்குக்கு உதறல் எடுத்தது. உதறலோடு வாசித்ததில் வேகம் இன்னும் கூடியது. கூட்டம் ஆரவாரம் செய்தது. சிங்கம் வாயைப் பிளந்து, கண் இமைக்காமல் பார்த்தது. இமைக்காததால் கண் மேலும் காய்ந்தது.

"கண்ணீர் வருகிறதா, அரசே?"

"இல்லை. வாலை எப்படி அப்படிச் சுழற்றுகிறாய்? இன்னொரு முறை வாசி."

குரங்கு கிளையில் தலைகீழாகத் தொங்கி மூக்காலும் வாசித்தது. சிங்கத்தின் விழிகள் பிதுங்கின. இமைகள் மேலேயே ஒட்டிக்கொண்டன.

"ஐயோ, கண்ணை மூடவே முடியவில்லையே" என்று கொக்கு வைத்தியர் பதறினார்.

"இதற்குமேல் என்னிடம் உறுப்பு இல்லை, அரசே" என்றது குரங்கு மூச்சிரைக்க.

அப்போது தேவாங்கு முன்னே வந்தது. வந்து சேரவே வெகுநேரம் ஆயிற்று. "நான் வாசிக்கட்டுமா?"

நரி தலையில் அடித்துக்கொண்டது. "நீ முடிப்பதற்குள் ராஜா கிழவராகிவிடுவார்."

தேவாங்கு அதைக் காதில் வாங்கவில்லை. "அரசே, எனக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். என்னிடம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை."

சிங்கம் திரும்பி உட்கார்ந்தது. ராஜா இருக்கும்போது யார் எழுந்து போவது? அன்றுதான் கூட்டம் முதல்முறையாகத் தேவாங்கின் வாசிப்பை உட்கார்ந்து கேட்டது.

ஒரு கட்டை ஒலித்தது. "ஆரம்பித்துவிட்டதா?" என்றது நரி. அடுத்த ஒலி எழுந்தது. பிறகு இன்னொன்று, தாழ்ந்த சுரத்தில். கொஞ்ச நேரத்தில் சிங்கத்தின் தோள்கள் குலுங்கின.

"நான் அரசாளும் பாறை முன்பு அப்பாவுடையது" என்றது சிங்கம். "அவருக்கு வயதானதும் நான்தான் விரட்டினேன். மெதுவாகத்தான் நடந்து போனார். ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை."

ஒட்டியிருந்த இமைகள் தாமாக மூடின. கண்ணீர் வழிந்து பிடரிமயிர் நனைந்தது. பாம்பு வாலைத் தட்ட மறந்தது.

குரங்குக்குத் தன் நிலைமை நினைவு வந்தது. மெல்ல அருகில் போய், "அரசே, என்னை இப்போதே சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டது.

"பசியே இல்லை. உட்கார்" என்றது சிங்கம். "அவன் இன்னும் முடிக்கவில்லை."

குரங்கு வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

நீதி: பார்ப்பவரை வாய் பிளக்க வைப்பது மட்டும் கலை ஆகாது, கேட்பவர் மனத்தைத் தொடுவதே கலை.