நாக்கில் கீறலில்லாத அரசன்

மழைக்கு முந்திய மாதத்தின் பதின்மூன்றாம் நாள் காலை, மத்திய அமெரிக்காவின் மாயா நாட்டுக் காட்டில் நாற்பத்தொரு விலங்குகள் கூடி, கினிச் என்ற ஜாகுவார்ச் சிறுத்தையை அரசனாக்கின.

நிபந்தனை ஒன்றுதான். பதவியேற்ற இருபதாம் நாள் அரசன் கோயிலுக்குள் தனியே போக வேண்டும். நாக்கில் துளையிட்டு, அதன் வழியே முட்கள் கோத்த கயிற்றை இழுக்க வேண்டும். இரத்தம் சொட்டிய மரப்பட்டைத் தாளை வெளியே கொண்டுவந்து எரிக்க வேண்டும். அப்போதுதான் மழை வரும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். செய்யாதவனுக்குப் பதவி இல்லை.

கினிச்சுக்குப் பதவி பிடித்திருந்தது. முள் பிடிக்கவில்லை.

சிற்பியான பாட்ஸ் என்ற குரங்கை அது அழைத்தது. “நான் முட்கயிறு இழுப்பதைக் கல்லில் செதுக்கு. பார்த்தவன் நடுங்க வேண்டும்!”

“இன்னும் இழுக்கவே இல்லையே, மகாராஜா!”

“கல் வேலைக்கு நாளாகும். நீ முதலில் முடி!”

மறுநாள் வந்து பார்த்தது. “என்ன கயிறு இது, நூல் மாதிரி! என் வால் தடிமனுக்குச் செதுக்கு!”

“அவ்வளவு பெரிய கயிறு போனால் நாக்கே மிஞ்சாதே!”

“உன்னைக் கூப்பிட்டது செதுக்கத்தான், வைத்தியம் பார்க்க அல்ல!”

இருபதாம் நாள் கினிச் கோயிலுக்குள் போனது. சிவப்பு விதைகளை நசுக்கித் தாளில் தடவியது. கொஞ்ச நேரம் அலறியது. வெளியே வந்து தாளை எரித்தது. பிறகு கல்லைத் திறந்துவைத்தார்கள். கயிற்றின் தடிமனைப் பார்த்து இரண்டு முயல்கள் மயங்கி விழுந்தன.

அடுத்தது விருந்து. மிளகாய் அரைத்துக் கலந்த கோகோ பானத்தை வான்கோழி கொண்டுவந்தது. கினிச்சுக்கு அது உயிர். மூன்று குடுவைகளை மடமடவென்று குடித்தது. “காரம் போதாது! இன்னும் நாலு மிளகாய் போடு!”

வான்கோழி கல்லைப் பார்த்தது. காலிக் குடுவைகளைப் பார்த்தது.

“மகாராஜா, போன அரசர் மெல்லிய கயிறுதான் இழுத்தார். ஐந்து நாள் பச்சைத் தண்ணீர்கூட எரிகிறது என்று அழுதார். உங்களுக்கு எரியவில்லையா?”

“எ... எரிகிறது! ரொம்ப எரிகிறது!”

“ஐயோ பாவம்! நாக்கை நீட்டுங்கள், ஊதிவிடுகிறேன்!”

கூட்டம் நெருங்கியது. கினிச் வாயை இறுக மூடியது. அந்த நேரம் பார்த்து மிளகாய் மூக்கில் ஏறியது. ஒரே தும்மல்! நாக்கு முழுதாக வெளியே வந்து தொங்கியது. ஒரு கீறல்கூட இல்லை.

“கயிறு இதோ இருக்கிறது, மகாராஜா! இப்போதே இழுத்துவிடலாமே!” என்றது வான்கோழி.

கினிச் எடுத்த ஓட்டம் ஆற்றுக்கு அக்கரையில்தான் நின்றது.

மறு ஆண்டு விதைப்பு மாதம் ஆறாம் நாள், பாட்ஸ் அந்தக் கல்லிலிருந்த ஜாகுவாரின் முகத்தைக் கொத்தி எடுத்தது.

செய்யாத தியாகத்தைப் பெரிதாகக் காட்டிக்கொள்பவன், அந்தப் பெருமையாலேயே பிடிபடுவான்.