கேவிட்டியில் ஊற்றிய மோர்

துகள் முடுக்கி ஆய்வகத்தில் திலகவதிக்கு ஒரு சீடர் வாய்த்தார். பெயர் சந்தானகிருஷ்ணன். குருவைவிட வயதில் மூத்தவர். கம்ப்யூட்டர் பிரிவிலேயே காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெறச் சில வருடங்களே இருக்கும்போது, கேவிட்டி வடிவமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்து நின்றார். சிலர் சிரித்தார்கள். திலகவதி உட்காரச் சொன்னார்.

கேவிட்டி என்பது நையோபியம் என்ற உலோகத்தில் செய்த வெற்றுக் குடம். வயிறு பருத்திருக்கும். மேலேயும் கீழேயும் வாய் உண்டு. கடுங்குளிரில் வைத்தால் அதன் உட்சுவரில் மின்சாரம் ஏறக்குறையத் தடையே இல்லாமல் ஓடும். உள்ளே அடைபட்ட ரேடியோ அலை, நடுவே போகும் துகளை முன்னால் தள்ளும். எவ்வளவு வலுவாகத் தள்ளும் என்பது குடத்தின் வளைவைப் பொறுத்தது.

திலகவதியின் வளைவு எளிமையானது. சந்தானகிருஷ்ணன் அதை எடுத்துக் கம்ப்யூட்டரில் ராப்பகலாகத் திருத்தினார். சுவர் மேலேயும் கீழேயும் வாயைத் தாண்டிப் புடைத்தது. வாய் உள்வாங்கிக்கொண்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் அதைக் கொண்டுவந்தார்.

"மேடம், உங்க வடிவத்தைவிட தள்ளுற வலு பத்துல ஒரு பங்கு கூடுதலா வருது."

"நல்லாருக்கே."

"திங்கட்கிழமை சாயங்காலம், தகட்டை வளைக்கிற அச்சு செய்ய வரைபடம் போகணும். நீங்க கையெழுத்துப் போட்டா இதையே அனுப்பிடலாம்."

கையிருப்பில் ஒரே ஒரு கேவிட்டிக்கான தகடுதான் இருந்தது. அடுத்த தகடு வருவதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார். வாழ்நாளில் அவர் செய்யப்போவது இந்த ஒன்றுதான். அந்தப் பயம் அவர் குரலில் இருந்தது.

"ஒண்ணு கேட்கலாமா மேடம்?"

"கேளுங்க சார்."

"இவ்வளவு தெரிஞ்ச நீங்க, அந்தப் பத்துல ஒரு பங்கை எப்படிக் கோட்டை விட்டீங்க?"

திலகவதி மேசைப் பக்கம் திரும்பினார். மேசைமேல் இரண்டு பிளாஸ்டிக் மாதிரிகள் இருந்தன. ஒன்று திலகவதியின் வடிவம், மற்றது சீடருடையது. இரண்டின் கீழ்வாயையும் தக்கையால் அடைத்தார். டம்ளரில் மீதியிருந்த கேன்டீன் மோரை இரண்டிலும் பாதிப் பாதியாக ஊற்றினார்.

"மேடம், அது மாடல்."

"தெரியும் சார். திங்கட்கிழமை கழுவிக்கலாம்."

சந்தானகிருஷ்ணனுக்குக் கோபம் வந்தது. மாதிரிகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மோர் தன்பாட்டுக்குப் புளித்தது.

திங்கட்கிழமை காலை திலகவதி இரண்டையும் அவரிடம் கொடுத்தார்.

"கழுவிட்டு வாங்க சார். சோப்பு வேணாம். பிரஷ், விரல் எதுவும் உள்ள போகக் கூடாது. தண்ணி மட்டும்."

நையோபியத்துக்கு உள்ள விதியும் அதுவே. கடைசியில் சுத்தத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள், வேறெதுவும் உள்ளே படக் கூடாது. ஒரு சொட்டு தங்கினால் அது காயும்போது தூசியை விட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், அந்த இடம் சூடேறிக் கேவிட்டி படுத்துவிடும். சந்தானகிருஷ்ணன் இதைப் பாடமாகப் படித்திருந்தார்.

குழாயடியில் தக்கைகளைப் பிடுங்கினார். திலகவதியின் மாதிரியை நிமிர்த்திப் பிடித்துக் கழுவினார். தண்ணீர் கீழ்வாய் வழியாக முழுவதும் இறங்கிவிட்டது. முகர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை.

தன்னுடையதைக் கழுவினார். உள்ளே ஏதோ தளும்பியது. வாயைச் சுற்றிப் புடைத்திருந்த பள்ளத்தில் தண்ணீர் நின்றது. தலைகீழாகக் கவிழ்த்தார். அந்தப் பக்கத்துப் பள்ளத்துக்குப் போயிற்று. உலுக்கினார், சட்டை நனைந்தது. மறுபடி கழுவி முகர்ந்தார். மறுபடியும் கழுவினார்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உங்களுது உடனே சுத்தமாயிடுச்சு. என்னுது இன்னும் நாறுது."

"ம்."

"புரோகிராம்ல மேல், கீழ்னு ஒண்ணும் கிடையாது மேடம். எனக்குத் தோணவே இல்ல."

திலகவதி தலையாட்டினார்.

"வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா?"

சந்தானகிருஷ்ணன் யோசித்தார். "கழுவுற முறையை மாத்துங்கன்னு சண்டைக்கு வந்திருப்பேன்."

பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். புடைத்த சுவரைக் கொஞ்சம் தளர்த்தினார். எண் குறைந்தது. இன்னும் தளர்த்தினார். இன்னும் குறைந்தது. ஒவ்வொரு முறையும் அவருக்கு வலித்தது. தண்ணீர் எங்கேயும் நிற்காது என்று ஆனபோது, அவருடைய கோடு குருவின் கோட்டின்மேல் ஏறக்குறைய அப்படியே படிந்திருந்தது.

சாயங்காலம் வரைபடத்தை நீட்டினார். திலகவதி வளைவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"பத்துல ஒரு பங்கும் போயிடுச்சு மேடம். நானும் கோட்டை விட்டுட்டேன்."

திலகவதி பேனாவை மூடினார்.

"எதையும் விடல சார். அந்தப் பங்குதான் தண்ணி வெளிய போற வழி."